மழைநிழலில் வலப்பனை

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இந்துமாக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேல் பருவக்காற்று, இலங்கையின் மத்திய மலைநாட்டில் மோதி மேலெழும்போது, உயரம் கூடக் கூட அழுத்தம் குறைந்து விரிவடைந்து குளிர்வதனால், அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகிப் பொழிகின்றது. இதுவே மலைத்தடை மழை எனப்படும். காற்றை நேரே எதிர்கொள்ளும் கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெறும் அளவுக்கு நாட்டின் மிக ஈரமான இடங்களாயிருப்பது இதனாலேயே.

2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலைத் தொடருக்கு அப்பால், அதன் கீழைச் சரிவில் அமைந்துள்ள வலப்பனையின் நிலையோ முற்றிலும் வேறானது. ஈரத்தை இழந்த காற்று சரிவில் இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமடைந்து, கச்சான் எனப்படும் உலர்ந்த காற்றாக வீசுகின்றது. மழை குன்றிய இத்தகைய மறைவுப் பகுதியே மழைநிழல் என்று வழங்கப்படும். அக்காலத்தில் இராகலை, உடப்புசல்லாவைத் தோட்டங்களில் கொழுந்தின் வளர்ச்சி மந்தமானாலும், அவ்வரட்சியே தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதால், விளைச்சலில் இழந்ததன் ஒரு பகுதியைத் தரம் ஈடுசெய்கின்றது என்றே கொள்ளலாம்.

டிசம்பரில் வடகீழ் பருவக்காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்போது, அதே மலை வலப்பனைக்கு மழையைக் கொணர்கின்றது. 2007 ஜனவரியில் அம்மழை மிகுந்து, செங்குத்தான சரிவுகளின் மண் நீரில் ஊறிப் பிடிப்பிழந்ததால், வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தவிலும் உயிர்களைக் காவுகொண்ட மண்சரிவுகள் நிகழ்ந்தன.