மதிப்புரையின் உடல் எது?

நூல் மதிப்புரையும் திரை விமர்சனமும் முதலில் வாசகருக்குக் கடமைப்பட்டவை. புத்தகத்தை வாங்கலாமா, படத்துக்குப் போகலாமா என்று யோசிப்பவர் அவற்றைப் படிக்கிறார். ஏற்கெனவே படித்தவரும் பார்த்தவரும்கூடத் தம் எண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைத் தேடுகிறார்கள். முன்னவருக்குத் தேவை தகவல்; பின்னவருக்குத் தேவை காரணம். ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமார்தான்’ என்ற முடிவை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்த முடிவுக்கு அடியில் வைக்கப்படும் சான்றுதான் மதிப்புரையின் உடல்.

இதற்கான அளவுகோல்கள் தமிழில் பழையவை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, ஒரு நூலை அறிமுகப்படுத்துபவர் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை வகுத்திருக்கிறது. எழுதியவர் யார், எந்த மரபின் வழியில் வந்த நூல், எங்கே வழங்குகிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதைப் பேசுகிறது, யாருக்காக எழுதப்பட்டது, படிப்பதால் என்ன பயன் என்பவை அவற்றில் அடக்கம். இன்று மதிப்புரை எழுத உட்காருபவர் இந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதே பகுதி நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் சொல்கிறது. குற்றங்களில் சில, இன்றைய திரையரங்கிலிருந்து வெளியே வந்தவர் எழுதியவை போலவே இருக்கின்றன. கதைக்கு ஒட்டாத நகைச்சுவைப் பகுதியைக் கால் மணி நேரம் ஓட்டும் படத்துக்கு ‘மற்றொன்று விரித்தல்’ பொருந்தும். இடைவேளை வரை விறுவிறுப்பாகப் போய் அதன்பின் தளர்ந்துவிடும் திரைக்கதையின் குறை ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஒரே உணர்ச்சியை மூன்று அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப எழுதும் நாவலின் குறை ‘கூறியது கூறல்’. ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று மட்டும் எழுதி முடிப்பவர், அந்த இழுவை எந்தக் குற்றத்தால் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். வாசகருக்குத் தேவைப்படுவது அதுதான்.

குறிப்பிட்ட ஒரு நூலை அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரத்தை எழுதத் தக்கவர்களாக நூலாசிரியரின் ஆசான், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரை நன்னூல் காட்டுகிறது. எல்லோரும் நூலுக்கு வேண்டியவர்கள். இன்றைய அணிந்துரை அந்த மரபின் தொடர்ச்சி என்பதால் அங்கே வாழ்த்து இருப்பது இயல்பு. மதிப்புரையாளர் நிற்க வேண்டிய இடம் வேறு. நூலாசிரியர் நண்பராக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்வதோ அந்த நூலை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதோதான் நேர்மை. அணிந்துரையின் தொனி மதிப்புரைக்குள் புகுந்தால், அடுத்த முறை அதே மதிப்புரையாளர் உண்மையாகவே பாராட்டும்போதும் யாரும் நம்பமாட்டார்கள்.

நவீன தமிழ் விமர்சனம் பத்திரிகைகளோடு சேர்ந்து வளர்ந்தது. ‘ஆனந்த விகட’னில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசையையும் நடனத்தையும் விமர்சித்தார். கச்சேரிக்குப் போயிராதவரும் ரசித்துப் படித்தார்கள். ‘தினமணி’யில் பணியாற்றிய காலத்தில் புதுமைப்பித்தன் எழுதிய நூல் மதிப்புரைகளில் தயவு தாட்சண்யம் கிடையாது. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, விமர்சனத்துக்கென்றே ஒரு மேடை அமைந்தது.

அந்தக் காலகட்டத்தில் உருவான வழிகள் இன்றும் பயன்படுகின்றன. க.நா. சுப்ரமண்யம் ரசனையை நம்பினார். தொடர்ந்து படித்துப் படித்துத் தேர்ந்த ஒரு மனம் எது நல்லது என்று சுட்டிக்காட்டினால் போதும் என்பது அவர் வழி, ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற அவருடைய நூல் அதற்குச் சாட்சி. செல்லப்பாவோ படைப்பின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயும் அலசல் முறையை வற்புறுத்தினார். இலங்கையில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும், ஒரு படைப்பு எந்தச் சமூகச் சூழலிலிருந்து பிறந்தது, யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறது என்று கேட்டார்கள். இவர்களுக்குள் கடுமையான கருத்து மோதல்கள் இருந்தன. ஆனால் நல்ல மதிப்புரை ஒன்றை எடுத்துப் பார்த்தால் ரசனையும் அலசலும் சமூகப் பார்வையும் அதில் கலந்தே இருக்கும். ரசனை மட்டும் இருந்தால் தன் விருப்பு வெறுப்பாகச் சுருங்கிவிடும். சமூகப் பார்வை மட்டும் இருந்தால் கலை வடிவமே கண்ணில் படாமல் போகும்.

எழுதும் வேலை படிக்கும்போதே தொடங்குகிறது. நூலை முழுதாகப் படிக்க வேண்டும். பின்னட்டைக் குறிப்பையும் முன்னுரையையும் வைத்து எழுதப்படும் மதிப்புரைகள் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். எங்கே மனம் ஈர்க்கப்பட்டது, எங்கே சலித்தது என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்வது நல்லது. படத்தில் இது கடினம்; இருட்டில் குறிப்பு எழுத முடியாது, காட்சிகளும் நிற்பதில்லை. படம் முடிந்த உடனே, பிறரோடு பேசுவதற்கு முன், நினைவில் நிற்கும் ஐந்தாறு காட்சிகளைக் குறித்துவிட்டால் அவையே பின்னர் சான்றுகளாகும்.

கதையை எவ்வளவு சொல்வது என்பது அடுத்த சிக்கல். கதைச்சுருக்கமே மதிப்புரையில் முக்கால் பங்கை விழுங்கிவிடுவது தமிழில் மிகப் பரவலான குறை. யாருக்கு என்ன சிக்கல், அது எந்தச் சூழலில் எழுகிறது என்பது வரை சொன்னால் போதும். 1954இல் வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஒவ்வொருவராகத் தம் கோணத்தில் சொல்கிறார்கள். இவ்வளவு சொல்லலாம். சுட்டது யார் என்று வெளியான வாரத்தில் எழுதுவது பார்வையாளருக்குச் செய்யும் அநீதி.

அதே படத்தை வைத்துச் சான்று என்றால் என்ன என்பதையும் பார்க்கலாம். ‘துணிச்சலான முயற்சி’ என்பது வெறும் முடிவு. பாடலும் நடனமும் சண்டையும் இல்லாமல் எடுக்கப்பட்டிருக்கிறது, நாயகன் சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே பிணமாகிவிடுகிறார், அதனால் ‘நாயகன் பிழைப்பானா?’ என்ற வழக்கமான பதற்றம் போய் ‘இவன் எப்படிப்பட்டவன்?’ என்ற கேள்வி படத்தை நடத்துகிறது என்று எழுதினால் துணிச்சல் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதற்குமேல், அந்தச் சொல்லைத் தனியே எழுதத் தேவையும் இராது. ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கடைசிப் பத்தியில் ஆளுக்கு ஒரு பாராட்டு என்று பங்கு வைக்காமல், ஒரே ஒரு காட்சியில் அவை என்ன செய்தன என்று காட்டுவது மேல்.

நாவலோ சிறுகதையோ படமாகும்போது மதிப்புரையாளர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 1979இல் வெளிவந்த மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை ஒட்டியது. மகேந்திரன் அதிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்து, கிராமத்தில் வைத்து, வேறொரு கதையாகவே வளர்த்தார். மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இந்தப் படம் தோற்றுவிடும். அப்படி அளப்பதுதான் தவறு. மனிதக் கொடுமையைக் குழந்தைகளின் பக்கம் நின்று பார்க்கும் பார்வை எழுத்தில் எப்படி வந்தது, அசோக்குமாரின் ஒளிப்பதிவிலும் இளையராஜாவின் இசையிலும் எப்படி வந்தது என்று கேட்பதே பயனுள்ள ஒப்பீடு. படத்தின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலுவை ஊரார் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லும் இறுதிப் பகுதியை இன்று தாராளமாக அலசலாம். பல ஆண்டுகள் கழித்து எழுதும் ஆய்வுக்கு அந்த உரிமை உண்டு. மகேந்திரனே இயக்குநராவதற்கு முன் ‘துக்ளக்’கில் திரை விமர்சனம் எழுதியவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களின் படங்களில் மிகை எது என்று எழுதிப் பழகியவரின் படங்களில் வசனம் அவ்வளவு குறைவாக இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் தமிழ் வாசகருக்கு மிகவும் பிடித்தது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்கு ‘ஆனந்த விகடன்’ தந்த 62.5 மதிப்பெண்ணைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். எண் நினைவில் நிற்கும், விவாதத்தைக் கிளப்பும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உரையைத் தாண்டிப் போகிறவர், காரணங்களை இழந்துவிடுகிறார். இன்று முதல் காட்சி முடிவதற்குள் அலைபேசியில் பரவும் நட்சத்திரக் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

கண்டிப்பதற்கும் ஒரு முறை உண்டு. குறை படைப்பின் மீது சொல்லப்பட வேண்டும். எழுத்தாளரின் சாதி, நடிகரின் உடல், இயக்குநரின் குடும்பம் ஆகியவை மதிப்புரைக்குள் வரக் கூடாது. நூலிலிருந்து சில வரிகளை மேற்கோள் காட்டத் தயங்க வேண்டியதில்லை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மொழி கரடுமுரடாக இருக்கிறது என்று பத்து வாக்கியங்களில் வாதிடுவதைவிட, அந்த நூலின் ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டுவது நியாயமானது. வாசகர் தாமே பார்த்துக்கொள்வார். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கங்கள், விலை ஆகியவற்றை விடாமல் தர வேண்டும். ‘வரப்பெற்றோம்’ பகுதியில் இடம்பெறும் ஒற்றை வரிக் குறிப்புக்கூட இவற்றைத் தருகிறது. இரண்டு பக்க மதிப்புரை தராமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

மதிப்புரை எழுத்தை இலக்கியத்தின் ஓரத்து வேலையாக நினைப்பவர்கள் உண்டு. ‘தாமரை’ இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவரும், புதிய எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டையில் கருத்து எழுதி அனுப்பி வந்தவருமான தி.க. சிவசங்கரனுக்கு 2000ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது பெற்ற நூலின் பெயர் ‘விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்’.