மறக்கச் சொன்ன பைக்கும் மலையேறும் பைக்கும்

1985 ஏப்ரலில் ஹரியானாவின் தாருஹேரா ஆலையிலிருந்து முதல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வெளியே வந்தது. 97.2 சிசி எஞ்சின், நான்கு கியர், உதைத்துக் கிளப்பக் கிக்கர். அன்று ஓடிய சிறு பைக்குகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் எரிந்து புகை கக்கும். இதுவோ ஃபோர் ஸ்ட்ரோக். லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றது விளம்பரம். நிரப்பு, மூடு, மறந்துவிடு என்றும் சொன்னது. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியும் அதை அப்படியே நம்பி ஓட்டினார்கள். அது அவர்களைக் கைவிடவில்லை.

2019 மே மாதம் அதே நிறுவனம், பெயரிலிருந்து ஹோண்டா உதிர்ந்த நிலையில், எக்ஸ்பல்ஸ் 200-ஐக் கொண்டுவந்தது. 199.6 சிசி, 18 குதிரைத்திறன், ஏறத்தாழ 154 கிலோ எடை. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, இரண்டும் ஸ்போக் வீல். எஞ்சினின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. ஆற்றுப்படுகையின் கூழாங்கல்லில் சாய்ந்து விழுந்தாலும் ஒருவரே தூக்கி நிறுத்திவிடலாம். கார்பரேட்டர் வைத்த மாடலின் டெல்லி ஷோரூம் விலை 97,000 ரூபாய். சாகசப் பயண பைக் என்றாலே பெரும்பாலும் பல லட்சம் என்றிருந்த நாட்டில், முதல் வேலையில் சேர்ந்த இளைஞனுக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்கை எட்டச் செய்த விலை அது.

இரண்டு பைக்குகளுக்கும் நடுவே 34 ஆண்டுகள். அதற்கும் முன்னே போனால், இன்றைய பாகிஸ்தானின் கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ சைக்கிள்ஸ். சைக்கிளில் அவர்கள் செய்தது சொந்த வேலை. மோட்டார் சைக்கிளுக்கு வந்தபோது தொழில்நுட்பம் ஹோண்டாவுடையது. இவர்களுடையது ஆலை நடத்தும் திறனும் ஊர் ஊராகப் பரந்த விற்பனை வலையும். 2001-இல் எண்ணிக்கையில் உலகின் முதல் இருசக்கர வாகன நிறுவனமாகியும், பிற நாடுகளில் விற்பதற்கு ஹோண்டாவுடனான ஒப்பந்தம் எல்லை போட்டிருந்தது. 2010 டிசம்பரில் பிரிவு முடிவானது. அடுத்த ஆண்டே இம்பல்ஸ் என்ற 150 சிசி பைக்கை மண்பாதைக்கென விட்டார்கள். சக்தி போதவில்லை, வாங்குவோரும் குறைவு. சில ஆண்டுகளில் நின்றுபோனது. அந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன். எக்ஸ்பல்ஸுக்கு வழி வெட்டியது அதுதான்.

2016-இல் ஜெய்ப்பூரில் ஆய்வு மையம் எழுந்தது. எக்ஸ்பல்ஸ் உருப்பெற்றது அங்கேதான். 2017-இல் டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஹீரோ அணி முதன்முறையாக இறங்கியது. விலையும் கொடுத்தது: 2020-இல் அணியின் பாவ்லோ கொன்சால்வ்ஸ் பந்தயப் பாதையிலேயே இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மைத்துனர் ஜோவாகிம் ரோட்ரிக்ஸ் ஒரு நாள் கட்டத்தை வென்றார். இந்திய நிறுவனம் ஒன்றுக்கு டக்காரில் கிடைத்த முதல் கட்ட வெற்றி அது. 2024-இல் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பிடித்தார்.

கைநழுவியதும் உண்டு. சிடி 100-இன் கார்பரேட்டரைப் புளியமரத்தடி மெக்கானிக்கே கழற்றி, ஊதி, மாட்டிவிடுவார். 2020-இல் பிஎஸ் 6 மாசு விதி வந்ததும் எக்ஸ்பல்ஸும் கார்பரேட்டர் மாடலை விட்டு முழுவதுமாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. புகை குறைந்தது, குளிர்மலையில் கிளப்புவதும் எளிதானது. ஆனால் நடுவழியில் நின்றால் கோளாறைக் கண்டறியக் கருவி வேண்டும், அந்தக் கருவி இருக்கும் ஊர் வேண்டும். மறந்துவிடு என்று எந்தச் சாகச பைக்கின் விளம்பரமும் சொல்ல முடியாது. செயின், ஏர் ஃபில்டர், ஸ்போக் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவருக்கே அது உழைக்கும்.

2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 லிக்விட் கூலிங் எஞ்சினுடையது; சக்தி 24 குதிரைத்திறனைத் தாண்டியது, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்குவதில்லை. எடையோ 170 கிலோவை நெருங்குகிறது, அறிமுக விலை 1.75 லட்சத்தில் தொடங்கியது. சக்தி கூடியதை வரவேற்கிறேன். எடைதான் உறுத்துகிறது. சைக்கிளில் தொடங்கிய நிறுவனம் அடுத்த மாடலில் எதைக் கூட்டினாலும் கூட்டட்டும், கிலோவைக் கூட்ட வேண்டாம்.