மே மாதத்திலும் கழற்றாத ஜாக்கெட்

தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருபவரின் ஜாக்கெட்டுக்கு மூன்று வேலைகள் உண்டு. விழுந்தால் தோலையும் மூட்டுகளையும் காக்க வேண்டும். மழையில் சட்டையை நனையவிடக் கூடாது. வெயிலில் உடம்புச் சூட்டை வெளியே விட வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. தார்ச்சாலையில் உரசினாலும் கிழியாத துணி கனமாக இருக்கும். கனமான துணி புழுங்கும். தண்ணீரைத் தடுக்கும் துணி காற்றையும் தடுக்கும். காற்றைத் தாராளமாக விடும் மெஷ் துணியில் மழை நேராக உள்ளே வந்துவிடும். அதனால் எந்த ஜாக்கெட் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், அது எந்த ஊரில் ஓடப்போகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. மழைக்குப் பேர்போன லண்டனில் பெய்வது இதில் பாதிகூட இல்லை. ஆனால் லண்டனில் அது ஆண்டு முழுக்கத் தூறலாகச் சிதறி விழுகிறது. சென்னையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையிலும் இரவிலும் வரும் இடிமழை, அதாவது அலுவலகம் விடும் நேரத்து மழை. வானிலைத் துறை 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ பெய்த நாளைத்தான் மழைநாள் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் சென்னைக்கு ஆண்டில் இரண்டு மாதம்கூடத் தேறாது. மிச்ச பத்து மாதமும் வெயிலும் புழுக்கமும்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பம் 45 டிகிரி. மழைக்கோட்டாக மட்டும் யோசித்து வாங்கிய கனத்த ஜாக்கெட் பிப்ரவரி கடைசியில் ஆணியில் தொங்கத் தொடங்கும். அதன் பிறகு விழுகிறவர் அரைக்கைச் சட்டையோடுதான் விழுவார்.

நீர்புகாத் துணிக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1823-இல் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசிக் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த மெழுகு பூசிய பருத்தி ஜாக்கெட்டுகள் பிரிட்டனின் பைக் பந்தயக்காரர்களிடம் பல காலம் கோலோச்சின. பார்பர் நிறுவனம் 1936-இல் இதற்கென்றே ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. பெரிய திருப்பம் 1969-இல் வந்தது. அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்ளான் கம்பியை மெதுவாக இழுக்காமல் வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோக வேண்டிய கம்பி பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. அதிலிருந்து வந்த கோர்-டெக்ஸ் 1970-களின் நடுவில் கடைக்கு வந்தது. அதன் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி தாராளமாகப் போகும் அளவு பெரியவை. இன்று விற்கும் ‘மூச்சுவிடும்’ சவ்வுகள் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். இல்லாவிட்டால் நீராவியை உறிஞ்சி மறுபக்கம் கடத்தும் பாலியூரித்தேன் படலமாக இருக்கும். அலுவலக உடைக்கு மேலே அப்படியே மாட்டி ஜிப் போட்டுக்கொள்ளும் முழு உடையை, தினமும் வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்தே 1983-இல் மின்னசோட்டா மாநிலத்தின் டுலுத் நகரில் ஏரோஸ்டிச் நிறுவனம் செய்யத் தொடங்கியது. டுலுத் கடுங்குளிர் ஊர். அது சாதாரணத் தகவல் அல்ல.

சவ்வு எதையும் வெளியே தள்ளுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் ஈரம் தானாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். 34 டிகிரியில் இருக்கும் வியர்த்த தோலை ஒட்டிய காற்றில் நீராவி அழுத்தம் ஏறத்தாழ 53 மில்லிபார். எட்டு டிகிரிக் குளிரில் மழை பெய்யும் ஐரோப்பிய நகரத்தில் வெளியே இருப்பது 10 மில்லிபார். நவம்பர் மழையில் 26 டிகிரியில் நனைந்துகொண்டிருக்கும் சென்னையிலோ வெளிக்காற்றிலேயே 30-க்கு மேல். ஈரத்தை வெளியே இழுக்கும் விசை இங்கே ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. வெளித்துணி தண்ணீர் குடித்துவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். அரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டுக்குள்ளும் வேளச்சேரி சிக்னலில் சட்டை தொப்பலாவது இதனால்தான். ஜாக்கெட்டில் குறை இல்லை, அது வேறு வானத்துக்குச் செய்தது.

சவ்வை வைக்கும் விதத்தில்தான் ஜாக்கெட்டுகள் பிரிகின்றன. விலை உயர்ந்தது, சவ்வை வெளித்துணியோடு ஒட்டிச் செய்யும் லாமினேட். தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். ஜாக்கெட் கனக்காது, சீக்கிரம் காயும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வேலை பார்ப்பவருக்கும், டொரன்டோவிலோ லண்டனிலோ பைக் ஓட்டும் தமிழருக்கும் காசு இருந்தால் இதுவே சரி. அடுத்தது, வெளித்துணிக்கும் உள் அஸ்தருக்கும் நடுவே சவ்வைத் தொங்கவிட்டுத் தைத்தது. விலை குறைவு. ஆனால் மழையில் வெளித்துணி முழுக்க ஊறிக் கனக்கும். வெளிப்பையில் வைத்த போன் நனையும். சவ்வைக் கழற்றவும் முடியாது என்பதால் ஏப்ரலில் அடுப்பங்கரை போலாகிவிடும். சென்னைக்கு இதைவிடப் பொருந்தாதது இல்லை.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது மூன்றாவது வகை: மெஷ் ஜாக்கெட், உள்ளே ஜிப் வைத்துக் கழற்றி மாட்டும் மழை லைனர். கடையில் கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றும். சிக்கல் சாலையில் தெரியும். லைனர் உள்ளே போவதால், மழை பிடித்துக்கொண்டதும் ஜாக்கெட்டைக் கழற்றி, லைனரை ஒவ்வொரு கொக்கியாக மாட்டி, மறுபடி போட வேண்டும். ஓ.எம்.ஆரில் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி அதைச் செய்து முடிப்பதற்குள் பாதி நனைந்திருக்கும். மேலும், லைனர் உடம்பைக் காப்பாற்றுகிறதே தவிர ஜாக்கெட்டைக் காப்பாற்றுவதில்லை. மெஷ்ஷும் முழங்கை, தோள் பேடுகளும் ஊறிப்போகும். நவம்பர் ஈரக்காற்றில் அவை மறுநாள் காலைக்குள் காய்வதில்லை.

மெஷ் ஜாக்கெட்டுக்கு மேலே போடும் தனி ரெயின் ஜாக்கெட்டுதான் இந்த ஊருக்குச் சரியான ஏற்பாடு. தமிழ்நாட்டுச் சமவெளி நகரங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளலாம், உள்ளே இருப்பது காய்ந்தே இருக்கும். உரசலை அது தாங்காது, கிழிந்துவிடும். கிழியட்டும், அடியில் மெஷ் ஜாக்கெட் இருக்கிறது. டிக்கியில் ஏற்கெனவே கிடக்கும் சாதாரண பிளாஸ்டிக் கோட்டு மட்டும் போதாதா என்றால், இருபது நிமிடத் தூரத்துக்குப் போதும். வேகத்தில் அது காற்றில் படபடத்து, கழுத்து வழியாகவும் பொத்தான் இடுக்கு வழியாகவும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகிறவருக்கு இடுப்பு, கை, காலர் மூன்றையும் இறுக்கும் வசதியுள்ள ரைடிங் ரெயின் ஜாக்கெட் தேவை.

அதன் சீட்டில் 5,000, 10,000, 20,000 மி.மீ. என்று எண் போட்டிருக்கும். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று தரும் அழுத்தம் 20 மி.மீ. தண்ணீர் அளவுகூட இல்லை. துளி வந்து அறையும் கணத்திலும் முதுகுப்பையின் பட்டை அழுத்தும் இடத்திலும் அது பல மடங்கு ஏறும். அதற்காகத்தான் 10,000. அதற்கு மேல் காசு கொடுப்பதில் நகரத்தில் பெரிய பலன் இல்லை. ‘மூச்சுவிடும்’ திறனுக்குப் போடும் எண்ணை நிறுவனங்கள் வெவ்வேறு முறைகளில் அளக்கின்றன. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

உண்மையில் ஜாக்கெட் ஒழுகுவது துணியில் அல்ல, தையலில். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. உள்பக்கத்தைத் திருப்பினால் எல்லாத் தையல் மேலும் விரல் அகல டேப் ஒட்டியிருக்க வேண்டும். அக்குளில் நான்கு தையல்கள் கூடும் இடத்தில் டேப் சுருங்கியோ தூக்கியோ நின்றால் அதை வாங்காமல் விடலாம். முன் ஜிப்புக்குப் பின்னால் ஒரு மடிப்புப் பட்டை இருந்து, அதன் ஓரம் மடங்கி வாய்க்கால் போல் தண்ணீரைக் கீழே இறக்கிவிட வேண்டும். பட்டை இல்லாத ‘வாட்டர்ப்ரூஃப் ஜிப்’ பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தேய்ந்ததும் கசியும். மணிக்கட்டில் கிளவுஸ், ஜாக்கெட் கைக்குள்ளே போக வேண்டும். வெளியே இருந்தால் கையோடு வழியும் தண்ணீரெல்லாம் கிளவுஸுக்குள் போய்ச் சேரும். சீட்டில் உட்கார்ந்ததும் முன்பக்கம் டேங்கில் வழியும் தண்ணீர் தொடைச் சந்தில் தேங்கும். ஜாக்கெட் குட்டையாக இருந்தால் மழை பேன்ட்டின் இடுப்புக்குள் அது ஏறிவிடும்.

பாதுகாப்பு மெஷ் ஜாக்கெட்டின் பொறுப்பு. சட்டம் ஹெல்மெட்டோடு நின்றுவிடுகிறது. ஜாக்கெட்டுக்கு வாங்குபவர்தான் பொறுப்பேற்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 17092, ரைடிங் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்று பிரிக்கிறது. மெஷ் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஏ-யில் நிற்கும். நகர வேகத்துக்கு அது ஏற்கத்தக்கது, ஏஏ கிடைத்தால் நல்லது. பி என்றால் உரசல் தாங்கும், பேடு கிடையாது. எந்த எழுத்தும் இல்லாமல் ‘சி.இ. ஆர்மர்’ என்று மட்டும் போட்டிருந்தால், சான்று பேடுக்குத்தான், துணிக்கு அல்ல. இந்த ஏமாற்று மிகப் பரவலானது. முதுகில் பல ஜாக்கெட்டுகள் வெறும் ஸ்பாஞ்சை வைத்து அனுப்புகின்றன. அதை எடுத்துவிட்டு இ.என். 1621-2 லெவல் 2 பேடு போட வேண்டும். அடியில் ஒன்பது கிலோநியூட்டனுக்கு மேல் சராசரியாகக் கடத்தாதது லெவல் 2. லெவல் 1-இல் அது 18 வரை போகலாம். ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களைக் கொண்டு செய்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், அணிந்திருந்த ஜாக்கெட்டுகளில் பத்துக்கு மூன்று ஓட்டையாகியிருந்தன. ஆனாலும் ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. அந்த நாடும் நியூசிலாந்தும் நடத்தும் மோட்டோகேப் என்ற மதிப்பீடு, பாதுகாப்புக்கும் வெயிலில் தாங்கும் வசதிக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறது. வெயில் ஊர்க்காரர் பார்க்க வேண்டியது இந்த மாதிரிப் பட்டியலைத்தான்.

நிறம் அலங்காரம் அல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது வெளிச்சத்தைத் திருப்பும் உடை அணிந்த ஓட்டுநர்களுக்கு விபத்து வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. கடைகளில் பத்தில் எட்டு கறுப்பாகத்தான் தொங்குகின்றன. கறுப்பு வெயிலையும் வாங்கிக்கொள்ளும். மெஷ்ஷில் வெளிர் சாம்பல், மேலே போடும் மழை ஜாக்கெட்டில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்று பிரித்துக்கொள்வது புத்தி.

அளவு பார்ப்பது கண்ணாடி முன்னால் நின்று அல்ல. ஜி.பி. ரோடு கடையில் வாங்கினாலும், வாசலில் நிற்கும் சொந்த வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது கை மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறக் கூடாது, முதுகு தூக்கி இடுப்பைக் காட்டக் கூடாது. முழங்கைப் பேடைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கலாம். எலும்பைவிட்டு நழுவினால் விழும்போதும் நழுவும். மெஷ் ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். மழை ஜாக்கெட்டை அதைப் போட்டுக்கொண்டே அதன் மேல் அளவு பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாக வரும்.

பராமரிப்பில் இந்த ஊருக்கென்று ஒரு எதிரி உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், செதில் செதிலாக உரியும், டேப் கழன்றுவரும். நனைந்த ரெயின் ஜாக்கெட்டை மடித்து டிக்கியில் வைத்துப் பூட்டி, வெயிலில் வண்டியை நிறுத்துவது அதைச் சாகடிக்கும் வேகமான வழி. வீட்டுக்குள் நிழலில் மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் கூடாது. அது மேல்துணியின் நீர்விலக்கும் பூச்சைக் கெடுக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் பரவத் தொடங்கினால் பூச்சு போய்விட்டது என்று பொருள். ஸ்பிரே அடித்துப் புதுப்பிக்கலாம். முன்பு இந்தப் பூச்சில் இருந்த நீண்டசங்கிலிப் ஃபுளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால் பல நாடுகள் தடைசெய்துவிட்டன. அவை இல்லாமல் வரும் புதிய பூச்சுகள் எண்ணெயையும் சாலைப் புகையின் கரியையும் அவ்வளவாகத் தாங்குவதில்லை. ஆகவே பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் ஒருமுறை கழுவி ஸ்பிரே அடிப்பது கட்டாயமாகிவிட்டது. மெஷ் ஜாக்கெட்டைப் பேடுகளை எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை சாதாரண சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். வியர்வை உப்பு தையல்நூலைத் தின்பதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும்.