பெல்லந்தூர் நுரையும் கேழ்வரகுக் கூழும்

பெங்களூர் யமலூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனவர்கள் 2015-ம் ஆண்டில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள். பெல்லந்தூர் ஏரியிலிருந்து பொங்கிய வெண்ணுரை, பஞ்சுப் பொதி போலக் காற்றில் பறந்து வண்டிகள் மேல் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதம் நுரை தீப்பிடித்தும் எரிந்தது.

இந்த நுரை நீரா, காற்றா? இரசாயனத்தில் இதற்குப் பெயர் கூழ்மம்.

உப்பு தண்ணீரில் கரைந்து மறைகிறது. மணல் அடியில் தங்குகிறது. கரையாமலும் தங்காமலும் நடுவில் மிதப்பவை உண்டு. ஒரு மில்லி மீட்டரை 10 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு 1 நானோ மீட்டர். 1 முதல் 1,000 நானோ மீட்டர் வரையுள்ள துகள்கள் சிதறிக் கிடப்பதே கூழ்மம். 1861-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி தாமஸ் கிரஹாம், பசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலாய்டு' என்றார். தமிழில் கூழை வைத்துப் பெயர் அமைந்தது. கேழ்வரகுக் கூழ் குடித்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எட்டு வகை

எது சிதறுகிறது, எதில் சிதறுகிறது என்று பார்த்தே வகை பிரிக்கிறார்கள். பாலில் கொழுப்புத் துளி நீரில் மிதக்கிறது. வெண்ணெயில் நீர்த்துளி கொழுப்பில் சிக்கிக் கிடக்கிறது. இரண்டும் பால்மம். காற்றில் நீர்த்துளி என்றால் மூடுபனி, திடத்துகள் என்றால் புகை. திரவத்தில் திடம், பெயிண்ட். திடத்தில் திரவம், ஜெல்லி. திடத்தில் திடம், வண்ணக் கண்ணாடி. திடத்தில் வாயு, தெர்மகோல். திரவத்தில் வாயு, நுரை. வாயுவில் வாயு மட்டும் கிடையாது. அவை முழுவதும் கலந்துவிடும்.

குமிழி கண்ணுக்குத் தெரிகிறதே, அது எப்படிக் கூழ்மம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குமிழி பெரிது, அதன் சுவரோ மிக மெல்லியது. அந்தச் சுவரே கணக்கு.

வெறும் தண்ணீரில் குமிழி உடனே உடையும். சோப்புத்தூள் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுக்கும். அது குமிழியின் சுவரில் வரிசையாக நின்று அதை உடையவிடாமல் தாங்குகிறது. வீடுகளில் துணி துவைத்த நீர் சாக்கடை வழியே சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்கு வந்தது. மதகில் விழும்போது காற்று கலந்தது. நுரை எழுந்தது.

மழை பெய்தால் கழிவு நீர்த்துப்போய் நுரை குறைய வேண்டாமா? கூடியது. இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் காரணம் கண்டார்கள். சோப்பு வேதிப்பொருள் அடிச்சேற்றில் ஒட்டிச் சேர்கிறது. மழை வெள்ளம் சேற்றைக் கலக்கும்போது அது மேலே வருகிறது. மிதக்கும் திடத்துகள்களும் நுரைக்குப் பலம் சேர்க்கின்றன.

யமலூரில் கம்பி வலை கட்டினார்கள். நுரை சாலைக்கு வராமலிருக்க அது போதும். தண்ணீருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும், பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் செலுத்த உத்தரவிட்டது.

பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகிறது. அதுதான் நம்மூர் தென்பெண்ணை. எல்லை தாண்டியதும் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அங்கேயும் நுரை பொங்கியது. அந்த அணை நீரை நம்பித்தான் ஓசூர் விவசாயி பயிர் வைக்கிறார்.