முழங்கால் ஊசி: வலி குறையும், ஜவ்வு வளருமா?

நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிட்டால், "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. என்ன ஊசி என்று கேட்பவர்கள்தான் குறைவு.

மலிவானது ஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும், சில வாரம் வலி குறையும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அடிக்கடி போடுவதோ வினை. அமெரிக்காவில் 140 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. வலியில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஜவ்வு அதிகம் தேய்ந்தது ஸ்டீராய்டு போட்டவர்களுக்கே!

ஹயலூரோனிக் அமில ஊசி மூட்டுக்கு வழவழப்புத் தருவதற்காக. சிலவகை கோழிக் கொண்டையிலிருந்து தயாராகிறது (சைவர்கள் கவனிக்க!). விலை அதிகம், பலன் சொற்பம்.

சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்துப் போடும் 'பி.ஆர்.பி.'க்கு இப்போது விளம்பரம் அமர்க்களம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான சோதனையில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அது உப்புநீரை மிஞ்சவில்லை.

தேய்ந்த ஜவ்வைப் பழையபடி வளர்க்கும் என்று நிரூபணமான ஊசி இன்னும் வரவில்லை. கடன் வாங்குமுன் இதை டாக்டரிடம் நேராகக் கேட்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் தொடைப் பயிற்சியையும் அவரிடமே கேட்டுக் கொள்ளலாம், அதற்குச் செலவில்லை.