இரண்டாவது கிறிஸ்துமஸ் யார் வீட்டில்?

தலைதீபாவளி யார் வீட்டில் என்று நம் குடும்பங்களில் யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில்தான். மாப்பிள்ளைக்கு வேஷ்டி, பெண்ணுக்குப் பட்டுப் புடவை, விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் திட்டம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது தீபாவளி எங்கே? அதைப் பற்றி மட்டும் அவர்கள் வாயே திறக்கவில்லை!

தென் மாவட்டங்களில் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே கதைதான். தலைக்கிறிஸ்துமஸ் என்று புதுமணத் தம்பதிகளைப் பெண் வீட்டார் அழைத்துச் சீராட்டுவது அங்கேயும் உண்டு. சங்கடம் அடுத்த டிசம்பரில்தான் ஆரம்பிக்கிறது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடினால் புத்தாண்டு வரை ஏறக்குறைய பத்து நாள் விடுமுறை இருக்கலாம். ஆனால், 25-ந் தேதி என்பது ஒன்றே ஒன்றுதானே?

எந்த ரயிலில் ஏறுவது?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. "எங்கள் கதையை எழுதுங்கள். பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டு வீட்டிலும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள்!" என்ற நிபந்தனையோடு பேசினார்.

கணவருக்குப் பாளையங்கோட்டை, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். மனைவிக்குத் தூத்துக்குடி, கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும்.

"தூரம் ரோட்டில் இல்லை, ஸார்!" என்று சிரித்தார் அந்தப் பெண்மணி. "சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் மாமியார் வீடு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் அம்மா வீடு. டிக்கெட் எடுக்கும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது."

முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னதாக ரயில் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1-ந் தேதியிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. டிசம்பர் 23-ந் தேதி இரவு கிளம்ப வேண்டுமானால் அக்டோபர் 24-ந் தேதி காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆகவே, தீபாவளிச் சமயத்திலேயே அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வழக்கு விசாரணைக்கு வந்துவிடுகிறது.

நள்ளிரவும் விடியற்காலையும்

பாளையங்கோட்டை வீட்டில் டிசம்பர் பிறந்தாலே அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி இறங்காது. அச்சுமுறுக்கு ஒரு பக்கம். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த முந்திரிக்கொத்து ஒரு பக்கம். இரவில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவே தனியாக ஒரு டப்பா. 25-ந் தேதி இருட்டுப் பிரியும் முன்பே எல்லோரும் புதுத்துணி உடுத்தி ஊசிக்கோபுரம் பக்கம் நடக்கிறார்கள். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் எழுந்த ஆலயம் அது.

தூத்துக்குடி வீட்டிலோ இரவுதான் விசேஷம். கூடத்தின் மூலையில் வைக்கோல் வேய்ந்த குடில். அதில் மாடும் ஆடும் மரியாளும் சூசையப்பரும் முன்னதாகவே வந்து காத்திருப்பார்கள். தொட்டில் மட்டும் காலியாக இருக்கும். பனிமய மாதா கோவிலில் நள்ளிரவுத் திருப்பலி கண்டு திரும்பிய பிறகுதான் குழந்தையைக் கொண்டு வந்து கிடத்துவார்கள். அதை யார் கையால் வைப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. பிறகு தட்டில் மக்ரூன். முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தப் பண்டம் வாயில் போட்டதும் கரைந்துவிடும்.

ஒரு வீட்டில் நள்ளிரவு. மற்றொரு வீட்டில் விடியற்காலை. கணக்குப் போட்டால் இரண்டுக்குமே போகலாம் அல்லவா? ஒரு வருஷம் போயும் பார்த்தார்கள். கோவிலிலிருந்து வந்து, குடிலில் குழந்தையை வைத்து, இரவு இரண்டு மணிக்கு வாடகைக் காரில் ஏறி, தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை ஆராதனைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பிரசங்கத்தின்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் தகப்பனாரும் தூங்கிவிட்டார்!

மறு வருஷத்திலிருந்து 25-ந் தேதி பாளையங்கோட்டைக்கு, 26-ந் தேதி தூத்துக்குடிக்கு என்று முடிவாயிற்று.

மிச்ச நாள்

"அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை" என்றார் அந்தப் பெண்மணி. "ஆனால் 26-ந் தேதி நான் போய் நிற்கும்போது மக்ரூன் டப்பா திறக்காமலே இருக்கும். 'நேற்றே சாப்பிட்டிருக்கலாமே, அம்மா!' என்பேன். 'நீ வரட்டும்னு இருந்தேன்' என்பாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?"

திருச்சபையின் கணக்கில் 26-ந் தேதி மிச்ச நாளே அல்ல. கிறிஸ்துமஸ் காலம் பன்னிரண்டு நாள். 26-ந் தேதி ஸ்தேவான் திருநாள். 28-ந் தேதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஜனவரி 6-ந் தேதி கீழ்த்திசை ஞானிகள் குழந்தையைக் காண வந்த மூன்று ராஜாக்கள் திருநாள். அந்த ஞானிகளே தாமதமாகத்தானே வந்து சேர்ந்தார்கள்! ஆனால், காலண்டரைக் காட்டி எந்தத் தாயாரைச் சமாதானம் செய்ய முடியும்?

வெள்ளம் வந்த வருஷம்

2023-ல் வழக்குக்கே வேலை இல்லாமல் போயிற்று. டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள்.

இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் இரண்டு வீட்டாரும் போனில் ஒரே வார்த்தையைச் சொன்னார்களாம்: "இப்போ வராதீங்க!"

அந்த வருஷம் சென்னையிலேயே தங்கினார்கள். பலகாரம் எதுவும் செய்யவில்லை. செய்ய மனம் வரவில்லை. ஆனால், தீபாவளிக்கு லட்டும் முறுக்கும் அனுப்பிய எதிர் வீட்டு மாமி பாயசத்தோடு வந்து நின்றார். ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பும் மாடி வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டார்கள். வருஷா வருஷம் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டை நீட்டிவிட்டு ஓடியவர்களுக்கு, அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பேச அன்றுதான் நேரம் கிடைத்தது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனார்கள். ஒரு வீட்டில் பாய் தலையணைகளைக் காய வைத்தார்கள். மற்றொரு வீட்டில் சேறு படிந்த அலமாரிகளைக் கழுவினார்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எங்கே வேலை அதிகமோ அங்கே முதலில் போனார்கள்.

மாமியார் சொன்ன தீர்ப்பு

2024-ல் அந்தப் பெண்மணியின் தகப்பனார் காலமானார். தூத்துக்குடி வீட்டில் தாயார் தனியாளானார். இந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் கட்டப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். மகளுக்கு வாய்விட்டுக் கேட்கத் தயக்கம். கணவருக்கோ தாயாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து மாமியாரே போன் செய்தார்.

"இங்க நாங்க எட்டுப் பேரு இருக்கோம். அங்க சம்பந்தியம்மா ஒத்தையில இருக்காவ. நீங்க நேரா அங்க போங்க. எங்களுக்கு 26-ந் தேதி போதும்."

26-ந் தேதி மதியம் அவர்கள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது, முந்திரிக்கொத்து டப்பா திறக்காமல் இருந்ததாம்.

உங்கள் வீட்டில் எப்படி?

இந்த வழக்கு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது வாசக நேயர்களுக்குத் தெரியும். தீபாவளியிலும் பொங்கலிலும் ரம்ஜானிலும் ஒரு தாயார் டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கத்தான் செய்கிறாள். சில வீடுகளில் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், முறை என்பது வீடுகளை எண்ணுகிறது; அந்த வீட்டில் இந்த வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. 'யாருக்கு உரிமை?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இந்த வருஷம் யார் தனியாக இருக்கிறார்கள்?' என்று அந்த மாமியார் கேட்டார். மருமகள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டார் என்பதுதான் அதில் விசேஷம்.

எனவே, மாமியார்களே, மாப்பிள்ளைகளே! பண்டிகைப் பேச்சை வீட்டில் நீங்களே ஆரம்பித்து வையுங்கள். ஆனால் ஒன்று: எந்த முடிவானாலும் அக்டோபர் 24-ந் தேதி காலை 8 மணிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் இரண்டு ரயிலிலும் இடம் இருக்காது!