நெகிழ் வட்டு இயக்கி பழுதுநீக்கம்

நெகிழ் வட்டு எனப்படும் பிளாப்பி, காந்தப் பூச்சுள்ள மெல்லிய நெகிழித் தகட்டில் தரவைச் சேமிக்கும் ஊடகம். 3.5 அங்குல வட்டு 1.44 மெகாபைட் கொள்ளும்.

இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரத்தில் இதற்கு முதல் எதிரி உப்புக்காற்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தை அரித்த இக்காற்று, இயக்கியின் இணைப்பு ஊசிகளிலும் களிம்பேற்றும். காற்றின் ஈரத்தால் வட்டில் பூஞ்சை பிடிக்கும்.

இயக்கியின் விளக்கு அணையாமல் எரிந்தால், பட்டைக் கம்பிவடம் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கலாம். எந்த வட்டையும் படிக்காவிட்டால், மின் இணைப்பை நீக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் படிக்கும் முனையைத் துடைக்க வேண்டும்.

பழைய வட்டை இடுமுன் அதன் மூடியை விலக்கிப் பூஞ்சைப் புள்ளிகள் உள்ளனவா எனப் பார்ப்பது அவசியம். அவை முனையில் ஒட்டினால் அடுத்து இடும் நல்ல வட்டும் கீறப்படும். கீறிய இடத்துத் தரவு மீளாது. எழுதுகாப்புத் துளையைத் திறந்துவைத்து, முதல் வாசிப்பிலேயே நகலெடுத்துக்கொள்வது நல்லது.